அடையாற்றுக்குக் கரை போட்டாச்சு... வெள்ளம் எங்கே போகும்?

டீசல் மோட்டார் விடிய விடிய இரைகிறது. தெருவில் முழங்கால் அளவு நிற்கும் மழைநீரை உறிஞ்சி, தடித்த ஹோஸ் வழியாகக் கரைமேல் ஏற்றி, அந்தப் பக்கம் ஓடும் அடையாற்றில் கொட்டுகிறது. கரையில் ஏறி டார்ச் அடித்துப் பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆற்றில் ஓடும் தண்ணீரின் மட்டம் அவர்கள் வீட்டு வாசற்படியைவிட உயரத்தில் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையையும் மிக்ஸியையும் பள்ளிச் சான்றிதழ் ஃபைலையும் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஃபிரிட்ஜை நான்கு நாற்காலிகள் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். காஸ் சிலிண்டர் மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருக்கிறது. வண்டிகள் எல்லாம் மாலையிலேயே மேடான வெளிவட்டச் சாலைக்குப் போய்விட்டன. வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "ஆத்துல தண்ணி ஏறுதா, எறங்குதா?"

வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான நகர்கள் என்று சென்னைப் புறநகரின் இந்தப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் இதுதான் காட்சி. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு இங்கே சும்மா இருக்கவில்லை. ஆற்றை அகலப்படுத்தினார்கள், தூர் வாரினார்கள், இருபுறமும் கரையை உயர்த்தினார்கள், குடியிருப்புகளிலிருந்து ஆற்றுக்கு மூடு கால்வாய்கள் கட்டினார்கள். நடுத்தர மழைக்கு இவை பலன் தருகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. முன்பு ஒரு வாரம் நின்ற தண்ணீர் இப்போது இரண்டொரு நாளில் வடியும் தெருக்கள் உண்டு. ஆனாலும் 2020 நிவர் புயல், 2021 நவம்பர் மழை, 2023 மிக்ஜாம் புயல் என்று ஒவ்வொரு பெருமழைக்கும் இதே பெயர்கள்தான் தொலைக்காட்சியில் ஓடின. கரை போட்ட பிறகும் வெள்ளம் வருகிறதென்றால் கரையில் கோளாறா, கரைமேல் நாம் வைத்த நம்பிக்கையில் கோளாறா?

செம்பரம்பாக்கம் தொடாத வெள்ளம்

அடையாறு என்றதும் பலருக்கு நினைவு வருவது செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளை மூழ்கடித்தது. அந்தக் காயம் ஆறாதது. முடிச்சூரின் கதை வேறு. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்த தண்ணீர் எந்த அதிகாரியும் திறந்துவிட்டு வந்ததில்லை.

அது எங்கிருந்து வருகிறது? ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் வட்டாரத்து ஏரிகளிலிருந்து. அந்தக் காலத்துப் பாசன ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்தது. கடைசி ஏரியின் உபரி ஆற்றில் விழும். கலங்கலுக்குக் கதவு கிடையாது. ஏரி நிரம்பிய மறு நிமிடம் தண்ணீர் தானே இறங்கும். செம்பரம்பாக்கத்துக்காவது 5 கண் மதகு, 19 கண் மதகு என்று திறக்கவும் மூடவும் வழி இருக்கிறது. முடிச்சூருக்கு மேலே உள்ள ஏரிகளின் வெள்ளத்தைத் தாமதப்படுத்த அப்படியொரு பிடி மிகக் குறைவு.

2015-இல் நடந்ததைக் கவனியுங்கள். நவம்பர் மழையிலேயே ஏரிகள் எல்லாம் தளும்பிவிட்டன. முடிச்சூர் அந்த மாதமே ஒருமுறை மூழ்கி எழுந்திருந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. கொள்ள இடமில்லாத ஏரிகள் விழுந்ததை எல்லாம் அப்படியே கீழே அனுப்பின. ஓர் ஏக்கர் நிலத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 49 கோடி லிட்டர். அந்த ராத்திரி மேற்குத் தாம்பரத்தில் மாடி இல்லாத வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டிச் செய்தி: அடையாறு

நீளம்: சுமார் 42 கி.மீ.
தொடக்கம்: ஆதனூர், மணிமங்கலம் வட்டார ஏரிகளின் உபரிநீர்.
வழி: மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்.
கடலில் சேருமிடம்: பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலுள்ள முகத்துவாரம்.
பெரிய கூட்டாளி: செம்பரம்பாக்கம் ஏரி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு உயரம் 24 அடி.
மேலே கடப்பது: சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றைப் பாலமாகத் தாண்டிச் செல்கிறது.

கரை தடுப்பது ஆற்றை மட்டுமா?

கரையை எல்லோரும் ஒரு பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வராமல் தடுக்கும் மண்சுவர், அவ்வளவுதான் என்று. அதே சுவர் ஊருக்குள் பெய்த மழை ஆற்றுக்குப் போகவிடாமலும் தடுக்கிறது. முன்பு தெருத் தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடி ஆற்றில் இறங்கியது. கரை வந்தபின் அது வடிகால் குழாய் இருக்கும் இடத்தில் மட்டுமே இறங்க முடியும். ஆறு பாதி ஓடும்போது இதில் சிக்கல் இல்லை. ஆறு நிறைந்து ஓடும்போது குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கிவிடுகிறது. அப்போது தெருத் தண்ணீர் வெளியேறாது. ஆற்றுத் தண்ணீர் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி ஊருக்குள் வரும். கரை உடையாமலேயே வெள்ளம் வந்துவிடும். "கரைமேல தண்ணி வரலையே, நம்ம தெருவுல எப்படி வந்துச்சு?" என்று புறநகர்க்காரர்கள் திகைப்பதற்கு விடை இதுதான்.

இதைத் தடுக்கத்தான் குழாயின் வாயில் இரும்பு ஷட்டர் வைப்பது. தலையில் ஒரு சக்கரம், அதிலிருந்து கீழே இறங்கும் திருகுத் தண்டு, அதன் முனையில் பலகை. ஆறு ஏறும்போது சக்கரத்தைச் சுற்றிப் பலகையை இறக்க வேண்டும். ஆறு இறங்கியதும் ஏற்ற வேண்டும். எளிய பொறிதான். ஆனால் திருகுத் தண்டில் கிரீஸ் வற்றி துருப்பிடித்திருந்தால் நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாது. பலகை இறங்கும் பள்ளத்தில் ஒரு தெர்மாகோல் துண்டோ பழைய மெத்தையோ சிக்கிக்கொண்டால் முக்கால் வழியில் நின்றுவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டி வைத்திருந்தால் அந்தச் சாவிக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளத்தில் நடந்து வர வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டாலும் பிரச்னை பாதிதான் தீர்ந்தது. ஆறு உள்ளே வராது. ஆனால் ஊரின் மழை அத்தனையும் உள்ளேயே நிற்கும். அதை மோட்டார்தான் தூக்கிக் கொட்ட வேண்டும். பெருமழை நாளில் முதலில் போவது கரண்ட். ஆகவே டீசல். டீசல் பங்க் வெள்ளத்தில் நின்றால்?

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கரையை உயர்த்தினால் தண்ணீர் எதிர்க்கரையைத் தேடும். இரண்டு கரையையும் உயர்த்தினால் கீழ்ப்பகுதியைத் தேடும். பரந்து நின்று மெதுவாக வடிந்த வெள்ளம் குறுகிய வழியில் வேகமாக, உயரமாக ஓடி அடுத்த ஊருக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. வரதராஜபுரத்தைக் காப்பாற்றும் கரை அனகாபுத்தூருக்கும் மணப்பாக்கத்துக்கும் என்ன செய்கிறது என்பதை முழு ஆற்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு மீட்டர் கரையும் எழுப்பப்பட வேண்டும். நம்முடைய வேலைகளோ துண்டு துண்டாக, எந்தத் தொகுதியில் குரல் உரத்து எழுந்ததோ அங்கே முதலில் நடக்கின்றன.

மூடு கால்வாய்க்கும் இதே வரம்பு உண்டு. நிலமெடுப்புத் தகராறு இல்லாமல் சாலையோரமாகவே கொண்டுபோகலாம், மேலே வண்டி ஓடும், குப்பை விழாது. வரதராஜபுரத்தில் அது தேங்கிய நீரை வேகமாக வடிக்கவும் செய்கிறது. ஆனால் கால்வாயின் கடைசி முனை ஆறுதான். ஆறு நிறைந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. மூடியிருப்பதால் உள்ளே மண் சேர்ந்ததா என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியாது. திறந்த கால்வாய் அடைத்துக்கொண்டால் ஊரே பார்த்துப் புகார் கொடுக்கும்.

கடைசியில் கடல். முகத்துவாரத்தில் மணல்மேடு சேர்ந்தாலோ, புயல் கடலை மேலே தள்ளினாலோ ஆறு இறங்காது. மிக்ஜாம் சென்னைக்கு அருகே நெடுநேரம் நின்று பெய்த 2023 டிசம்பர் 4 அன்று கடல் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மணல்மேட்டுக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதி வீடுகளின் கூடத்துக்கும் தொடர்பு உண்டு.

திறந்தாலும் பழி, திறக்காவிட்டாலும் பழி

செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். திருநீர்மலைக்குக் கீழே உள்ள எல்லாப் புறநகருக்கும் அதன் மதகுதான் தலைவிதி.

2015 டிசம்பர் 1 அன்று திறப்பு படிப்படியாக ஏற்றப்பட்டு நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. தொடர்ந்து 21 மணி நேரம் அந்த அளவில் தண்ணீர் வெளியேறியதை இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்ற முடிவுக்கு வந்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. அரசுத் தரப்போ, வந்த மழைக்கு வேறு வழியில்லை, ஏரி உடைந்திருந்தால் இன்னும் பெரிய அழிவு என்றது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நடைமுறை மாறியது. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நாளில் 24 அடி ஏரி 22 அடியைத் தொட்டதுமே திறந்தார்கள். ஆயிரம் கன அடியில் தொடங்கி 9,000 வரை ஏற்றினார்கள். முன்கூட்டியே அறிவித்தார்கள். கீழ்ப்பகுதியில் 2015 திரும்பவில்லை. இது நல்ல நிர்வாகம். அப்படியே சொல்ல வேண்டும். (அதே நிவரில் தாம்பரத்தில் 31 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூரில் மீண்டும் படகு ஓடியது. மதகு இல்லாத பக்கத்துக்கு விடிவு வரவில்லை.)

ஆனால் இரண்டு அடி காலியாக வைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. 2019 கோடையில் அது வறண்டு வெடித்து, நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. டிசம்பரில் விட்ட தண்ணீர் ஜூனில் கேட்டால் வராது. ஒரே ஏரி வெள்ளத்துக்குக் காலியாகவும் குடிநீருக்கு நிறைந்தும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். மதகுச் சக்கரத்தில் கைவைக்கும் பொறியாளர் ஒவ்வொரு நவம்பரிலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார். அவருக்கு உதவக்கூடியது மேலே உள்ள ஒவ்வொரு ஏரியிலும் மழைமானியும் நீர்மட்டக் கருவியும். அடுத்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு விடலாம் என்று முடிவெடுக்க முடியும்.

பெட்டிச் செய்தி: 29,000 கன அடி என்றால்...

ஒரு கன அடி 28.3 லிட்டர். நொடிக்கு 29,000 கன அடி என்பது நொடிக்கு 8.2 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் 68 லாரிகளை ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். 21 மணி நேரத்தில் வெளியேறியது சுமார் 2,190 மில்லியன் கன அடி (2.19 டி.எம்.சி.). இது செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவில் 60 சதவீதம்.

கரை வந்தது, கூடவே மனை வந்தது

கரையின் ஆகப் பெரிய விளைவு மண்ணிலும் நீரிலும் இல்லை. மனிதர்கள் மனத்திலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் இருக்கிறது. வெள்ளம் வந்த இடம் என்று மூன்று வருடம் விலை போகாமல் கிடந்த மனை, "இப்போ கரை போட்டாச்சு சார், தண்ணி வராது" என்ற ஒரு வரியில் விலைபோகிறது. கரையை ஒட்டி புதிதாக நூறு வீடு வருகிறது. கரை தாங்கும் அளவுக்கு மேல் ஒரு மழை பெய்யும் நாளில் இழப்பு முன்பைவிடப் பெரிதாகிறது. கரை இல்லாதபோது நஞ்சையில் நின்ற தண்ணீர் இப்போது மாடுலர் கிச்சனில் நிற்கிறது.

வரதராஜபுரம் தாழ்நிலத்தில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வுபெறும்போது கிடைத்த பணத்தில், வங்கிக் கடனில், நகைகளை அடகு வைத்து வாங்கிய மனைகள் இவை. நகருக்குள் வாங்க முடியாதவர்கள், வெளிவட்டச் சாலை வருகிறது, ஊர் வளரும் என்று நம்பி வந்தவர்கள். பட்டா இருந்தது. லேஅவுட் இருந்தது. வங்கி கடன் கொடுத்தது. மின் இணைப்பு வந்தது. வரி வாங்கினார்கள். இது வெள்ளம் நிற்கும் தாழ்நிலம் என்று இத்தனை கைகளில் ஒரு கைகூட எழுதிக் கொடுக்கவில்லை.

இன்னொரு தட்டில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் ஆற்றங்கரையிலேயே குடிசையும் ஓட்டு வீடுமாக இருந்தவர்கள். ஆற்றை அகலப்படுத்தும் ஒவ்வொரு திட்டத்திலும் முதலில் பொக்லைன் போய் நிற்பது அவர்கள் வாசலில்தான். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் பல பத்தாண்டுகளாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பில். மிக்ஜாமில் அங்கேயும் தண்ணீர் நின்றது. ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சதுப்பின் வெள்ளத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். வீட்டுவேலை, பெயின்டிங், கட்டட வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் பழைய இடத்தில். படுக்கை மட்டும் புதிய இடத்தில். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆற்றின் போக்கில் நிற்கும் பெரிய கட்டுமானங்களை அளக்கவும் அதே நில அளவைச் சங்கிலி நீள வேண்டும்.

கோசி சொல்லும் பாடம்

ஆற்றைக் கரைக்குள் அடக்கும் ஆசையில் பெரிய அளவில் செலவழித்த மாநிலம் பீகார். 1950-களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 160 கி.மீ. வெள்ளக்கரை இருந்தது, வெள்ள அபாயப் பரப்பு 25 லட்சம் ஹெக்டேர். கரைகள் 3,000 கி.மீ.க்கு மேல் நீண்டபின் வெள்ள அபாயப் பரப்பு 68 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. குறைய வேண்டியது இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியது. அங்குள்ள கோசி ஆறு கொண்டுவரும் வண்டல் வயல்களில் பரவ முடியாமல் கரைகளுக்கு நடுவிலேயே படிந்து ஆற்றுப்படுகையை உயர்த்தியது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் கரை உடைந்தது. கரை எவ்வளவு தாங்கும் என்று கட்டினார்களோ அதைவிட மிகக் குறைந்த தண்ணீர்தான் அன்று ஓடியது. ஆறு பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட பழைய வழியில் பாய்ந்தது. பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பராமரிக்காத கரை, கரையே இல்லாததைவிட ஆபத்தானது. மக்கள் அதை நம்பி அடியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் கரையை மட்டுமே நம்பிய கொள்கை 1927 வெள்ளத்தோடு முடிந்தது. அதன்பின் வெள்ளம் வந்தால் திறந்துவிடத் தனி வடிகால் வழிகளை ஒதுக்கினார்கள். நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் 2012-இல் தொடங்கி வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளி, சுமார் 50 வீடுகளை எடுத்து, ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டினார்கள். கரையை உயர்த்தியே நூற்றாண்டுகள் வாழ்ந்த நாடு, கரையைப் பின்வாங்கச் செய்தது.

நமக்கு இது புதிய யோசனையா என்ன? காவிரிக்குக் கொள்ளிடம் என்று ஒரு அகன்ற வெள்ள வழியை வைத்துக்கொண்டு, பாசனத்துக்கு வேண்டியதை மட்டும் காவிரியில் விட்ட நாடு இது. கல்லணை நிற்பதே அந்தப் பிரிப்புக்காகத்தான்.

பெட்டிச் செய்தி: முக்கொம்பு, 2018

திருச்சி அருகே காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் மேலணை கட்டப்பட்டது. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டித்தான் தற்காலிகமாகத் தண்ணீரைத் தடுத்தார்கள். பிறகு 387.60 கோடி ரூபாய் திட்டத்தில் புதிய கதவணை எழுந்தது. எவ்வளவு பேர்பெற்ற கட்டுமானமாக இருந்தாலும் அதற்கும் வயது உண்டு.

ஒரே ஆறு, எத்தனை அலுவலகம்?

அடையாற்றின் இந்தப் பகுதியில் ஒரு கரையில் நின்று மறுகரையைப் பார்த்தால் மாவட்டம் மாறிவிடும். முடிச்சூர் ஊராட்சி செங்கல்பட்டு மாவட்டத்தில். வரதராஜபுரம் ஊராட்சி காஞ்சிபுரம் மாவட்டத்தில். பக்கத்துப் பெருங்களத்தூர் 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில். ஆறு நீர்வளத் துறையுடையது. வெளிவட்டச் சாலையும் அதன் அடியிலுள்ள சிறுபாலங்களும் நெடுஞ்சாலைத் துறை பொறுப்பு. தெரு வடிகால் ஊராட்சி அல்லது மாநகராட்சி. லேஅவுட் அனுமதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). ஆற்றோர மறுசீரமைப்பு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. ரயில்பாதைக்குக் கீழே போகும் கால்வாய்க்கு ரயில்வேயைக் கேட்க வேண்டும். மழை மட்டும் யாரையும் கேட்பதில்லை.

இதன் விளைவு தெருவில் தெரிகிறது. மாநகராட்சி கட்டிய வடிகாலின் அடிமட்டம் அது சேர வேண்டிய கால்வாயின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் திரும்பி வரும். சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலம் மேலிருந்து வரும் கால்வாயைவிடக் குறுகலாக இருந்தால் சாலையே அணையாகிவிடும். மேடாக எழுந்த வெளிவட்டச் சாலை, தாழ்நிலத்தின் குறுக்கே போட்ட இன்னொரு கரைதான் என்று குடியிருப்போர் நலச்சங்கங்கள் சொல்வதைத் துறைகள் காதில் வாங்க வேண்டும். தங்கள் தெருவில் எந்தப் பக்கமிருந்து முதலில் தண்ணீர் வந்தது என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

ஏரிக்குக் கதவு, ஆற்றுக்கு இடம்

கரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இத்தனை ஆயிரம் வீடுகள் வந்தபின் அப்படிச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. கரையைக் கடைசி அரணாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே வெள்ளத்தைக் குறைக்கும் வேலைகளுக்குப் பணமும் அவசரமும் காட்ட வேண்டும்.

முதல் வேலை மேலே. ஒரத்தூரில் கிளையாற்றின் குறுக்கே, ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் 2015 வெள்ளத்தின் பிள்ளை. வெள்ளத்தின் ஒரு பகுதியை ஆற்றுக்கு வரும் முன்பே பிடித்து வைத்துப் பிறகு குடிநீருக்குப் பயன்படுத்துவது நோக்கம். சரியான திட்டம். ஆனால் நிலமெடுப்பில் சிக்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நிலம் கொடுப்பவர்களுக்கு நியாயமான விலையை நேரத்தோடு கொடுத்திருந்தால் அடுத்தடுத்த வெள்ளங்களில் இழந்ததை எண்ணிப் பார்க்கையில் அது மலிவாக முடிந்திருக்கும்.

அடுத்து, பாசன ஏரிகள். தூர் வாருவது நல்லது. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு வெள்ளத்தைத் தடுத்துவிட்டோம் என்று நம்பக் கூடாது. ஆழப்படுத்திய ஏரியும் நவம்பரில் நிரம்பிவிட்டால் டிசம்பர் மழைக்கு அதில் இடம் இல்லை. பெரிய ஏரிகளின் கலங்கலில் ஷட்டர் அமைத்து, பெருமழை எச்சரிக்கை வந்ததும் ஓரிரு அடி முன்கூட்டியே இறக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தில் 22 அடி என்ற ஒழுங்கு வந்ததுபோல ஆதனூருக்கும் மணிமங்கலத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். பாசனம் குறைந்துபோன ஏரிகளில் இதற்குத் தடை சொல்ல விவசாயிகளும் அதிகமில்லை.

மூன்றாவது, இன்னும் கட்டப்படாத நிலம். படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கம் ஆற்றையொட்டி இன்றும் வயல்களும் மேய்ச்சலும் இருக்கின்றன. அடுத்த முடிச்சூர் அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவரும் இந்த நேரத்தில், 2015-இல் தண்ணீர் நின்ற பரப்பை வரைபடத்தில் குறித்து, அங்கே மனைப்பிரிவு கிடையாது என்று சட்டமாக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் அந்த நிலத்திலும் வீடு வரும், பிறகு கரை வரும், பிறகு மோட்டார் வரும்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இது. இந்தப் பகுதியில் மனை பார்க்கப் போகிறவர்கள் ஞாயிறு வெயிலில் புரோக்கரோடு போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால் என்று பக்கத்துப் புல எண்ணில் இருந்தால் நில்லுங்கள். அந்தத் தெருவின் பழைய வீட்டுக்காரரிடம் 2015-இல் சுவரில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உங்கள் கவுன்சிலரையோ ஊராட்சித் தலைவரையோ மூன்று விஷயங்கள் கேளுங்கள்: நம் வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் ஷட்டர் இருக்கிறதா, இந்த ஆண்டு அதை இறக்கி ஏற்றிப் பார்த்தார்களா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பருக்குள் கேட்டுவிடுங்கள்; பதிலை எழுத்தில் வாங்குங்கள்.